இருபத்துமூன்று நிமிடப் பாட்டு

பிரசவ வார்டின் வராந்தாவில் மதிய வெயில் பாதித் தரைவரை வந்து நிற்கிறது. எதிர்க் கட்டடத்து வானொலி நிலையத்திலிருந்து அறிவிப்பாளர் மூச்சிரைக்க ஓடி வருகிறாள். தன்னிடம் இருப்பதிலேயே நீளமான ராக் இசைத்தட்டை ஓடவிட்டு வந்திருக்கிறாள். அது முடிய இருபத்துமூன்று நிமிடம். "ஆபரேஷன்தான்னு உங்க மகளை உள்ள கொண்டுபோயிட்டாங்க அத்தை," என்கிறான் மருமகன். நர்சின் மேசையில் சின்ன ரேடியோ அதே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது. ஐம்பது வருஷத்துப் பழைய பாட்டு, ஆனாலும் வாரம் தவறாமல் யாராவது நேயர் இதைப் போடச் சொல்லி எழுதிவிடுகிறார்கள். ஏழேழு தட்டாக உருளும் டிரம்ஸுக்குத் தரை துடைக்கிறவர் கம்பில் விரலால் தாளம் போடுகிறார், பிசகாமல். "எங்கப்பாவும் இதைத்தான் போடுவார். முடியவே முடியாது," என்று நர்ஸ் சிரிக்கிறாள். அறிவிப்பாளருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆர்கன் வாத்தியம் தனியாக ஏறினால் ஒன்பது நிமிடம் மீதி, கோரஸ் எழுந்தால் நான்கு. கோரஸ் எழுகிறது. ஆபரேஷன் அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. உள்ளே ஏதோ உலோகத் தட்டு விழுகிறது, பிறகு சத்தமே இல்லை. "நீங்க போகணுமே அத்தை." அவள் நகரவில்லை. கடைசி கிட்டார் இழுபட்டுத் தேய்கிறது. ரேடியோ மௌனமாகிறது. நர்ஸ் அதைத் தட்டிப் பார்க்கிறாள். நெடுநேரம் போனதுபோல் இருக்கிறது. பிறகு ஊசி இறங்கும் கரகரப்பு கேட்கிறது, பாட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. "ஸ்டேஷன்ல யாரோ திரும்பப் போட்டுட்டாங்க," என்று முணுமுணுத்தபடி, கதவிலிருந்து கண்ணை எடுக்காமல், அறிவிப்பாளர் பெஞ்சில் உட்காருகிறாள்.