செம்புக் கறை

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, மங்கலம் சாலையில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய ஜெயபாண்டி, வயது இருபத்தாறு, விஷவாயு தாக்கி இறந்தான்.

வெள்ளிக்கிழமை, விசாரணைக்கு வந்த அதிகாரியின் முன்னால் மேசைமேல், தொட்டிக்குள் இறங்கும்போது போடவேண்டிய லேடெக்ஸ் உடுப்பு கிடந்தது. தலை முதல் கால் வரை ஒரே உருப்படி. கையுறையும் அதனோடு சேர்ந்தது. முகமூடியில் காற்றுக்குழாய். பால் நிறம்.

மேசைக்கு இந்தப் பக்கம் ஜெயபாண்டியின் அக்கா நாகஜோதி நின்றாள். பட்டறை ஸ்டோரில் வேலை. அந்த உடுப்பைப் பராமரிப்பவளும் அவள்தான்.

மேலாளர் சசிகுமார் பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “உடுப்பு குடுத்தோமுங்க. போட்டுட்டுத்தான் எறங்குனான். பாதியில ஏறி வந்து, வேர்க்குதுன்னு கழட்டிப் போட்டுட்டு மறுக்கா எறங்கிட்டானுங்க. அப்புறம் நாங்க அதைக் கழுவி எடுத்து வெச்சோமுங்க.”

அதிகாரி எழுதிக்கொண்டார். அந்த வரி அப்படியே நின்றால், தம்பியின் சாவுக்குத் தம்பியே காரணம்.

பதினைந்து மாதமாக, ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, நாகஜோதி அந்த உடுப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினாள். மர உருளையில் போட்டு நிழலில் உலர்த்தினாள். உள்ளும் புறமும் பவுடர் தூவி, வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். எண்ணெய் பட்டால் ரப்பர் இற்றுப்போகும் என்பதால் அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டாள். மாதம் ஒரு பக்கம் என்று நோட்டில் கையெழுத்துப் போட்டாள்.

“ஏக்கா, என்னைய ஒரு நாளாச்சும் இப்பிடிப் பவுடர் போட்டுச் சீவி விட்டிருக்கியா?” என்று ஜெயபாண்டி ஒருமுறை வாசலில் நின்று கேட்டான்.

அலமாரிச் சாவி சசிகுமாரிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை தம்பிக்காக அவளே போய்ச் சாவியைக் கேட்டாள். அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள், இப்போது அதை அழுக்காக்க வேண்டாம், பத்து நிமிட வேலைதானே என்றார். அவள் கேட்டதும் இல்லை, தான் சொன்னதும் இல்லை என்று இப்போது சொல்கிறார்.

நாகஜோதி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு செம்புக் காப்பை மேசைமேல் வைத்தாள். இரண்டாக வெட்டப்பட்டிருந்தது. ஜெயபாண்டிக்குப் பதினாறு வயதில் குலசாமி கோயிலில் போட்டது. கழற்றவே வராது. ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள்.

“அந்த உடுப்ப அவென் தொட்டதே கெடையாது சார். செம்பு பட்டா அதுல கறை விழுந்துரும், எத்தன தடவ அலசுனாலும் போகாது. சொல்லிக்குடுத்ததே இவுகதான். காப்பு கெடந்தது வலது மணிக்கட்டுல. அந்தக் கைய விரிச்சுப் பாருங்க.”

அதிகாரி உடுப்பின் வலது கையை விரித்தார். மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. பவுடர் மட்டும் விரலில் ஒட்டியது.

சசிகுமார் எழுந்து வந்தார். உடுப்பின் இடது கையை இழுத்து, நான்காம் விரலைப் பிடித்துக் காட்டினார். “இதென்னங்க? கறை இருக்குதுங்களே. போடாமயா வந்துச்சு?”

விரலைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம். துல்லியமான வட்டம்.

நாகஜோதிக்கு அந்தக் கறையைத் தெரியும். போன செப்டம்பரில் அதை முதலில் பார்த்தவள் அவள்தான். பித்தளை வளையலோடு தொட்டுவிட்டாய் என்று சசிகுமார் எல்லோர் முன்னாலும் திட்டினார். நோட்டில் அந்த மாதப் பக்கத்தில் தன் கையாலேயே எழுதினார்: கவனக்குறைவு, இடது கை நான்காம் விரலில் கறை. அதன்பிறகு அவள் வளையல் போடுவதில்லை. தவறு தன்னுடையது என்றே பத்து மாதம் நம்பியிருந்தாள்.

இப்போது அவள் கறையைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த சசிகுமாரின் இடது கையைப் பார்த்தாள். நான்காம் விரலில் செம்பு மோதிரம்.

அதிகாரியின் தலைக்கு மேலே சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. போன ஆகஸ்ட் ஆடிட்டுக்கு எடுத்தது. அதே உடுப்புக்குள் சசிகுமார், முகமூடியை மேலே தூக்கிவிட்டு, கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டு.

“சார்.” அவள் குரல் உடைந்து பெரிதாக வந்தது. “அது போன வருசத்துக் கறை. செப்டம்பர் பக்கத்துல இவுக கையெழுத்துலயே இருக்கு. நோட்ட எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அந்த மோதிரத்தையும் கழட்டி வெக்கச் சொல்லுங்க. எம் தம்பிக்கு இல்லாத உடுப்ப இவுக போட்டாவுக்குப் போட்டிருக்காக சார்!”

அதிகாரி நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். மோதிரத்தையும் பார்த்தார். பேனாவை மூடினார்.

சசிகுமார் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனார். “நோட்டு ஹெட் ஆபீஸ்ல இருக்குதுங்க. நகல் எடுத்து அனுப்பிச்சு விட்டர்றேனுங்க.”

“நகல் போதும்” என்றார் அதிகாரி. “நீங்க போலாம்மா.”

ஆகஸ்ட் 20 அன்று அறிக்கை வந்தது. உடுப்பில் பயன்படுத்தியதற்கான அடையாளம் உள்ளது. இறந்தவர் அதைத் தாமாகவே கழற்றியிருக்கிறார். நிர்வாகம் அதை முறையாகப் பராமரித்திருக்கிறது.

பராமரிப்புக்குச் சான்றாக, நாகஜோதியின் கையெழுத்துள்ள பக்கங்களின் நகல் பின்னால் இணைக்கப்பட்டிருந்தது. 2023 மே முதல் 2024 ஜூலை வரை, பதினைந்து மாதம்.

பக்கங்கள் பதினான்கு.