மூன்று அலகா, இரண்டு அலகா

கவரைப்பேட்டையை அடுத்த சிற்றூரில் நெல் விளைவித்து வாழ்ந்து மறைந்த சின்னராஜு அவர்களின் இளைய குமாரரும், கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் ஃபிட்டராக உழைத்து அண்மையில் வேலை இழந்தவரும், ஐம்பத்து நான்கு வயது நிரம்பியவருமான தணிகைவேல், அன்று காலை தம் அண்ணன் வீட்டுக்குள் ஒரே தீர்மானத்துடன் நுழைந்தார்.

அண்ணனிடம் ஏமாறுவதில்லை.

பிரிக்க வேண்டியவை இரண்டு துண்டு நிலம். அளவில் சமம், தரத்தில் அல்ல. ஒன்று சாலையோரம், போர்வெல்லுடன் இருப்பது. மற்றொன்று ஆற்றோரம், ஒவ்வொரு கார்த்திகை மழையிலும் முழுகிக் கிடப்பது.

சாலையோர நிலம் கிடைத்தால் லேத் பட்டறை போட்டு நிமிர்ந்துவிடலாம். ஆற்றோரம் கிடைத்தால், இந்த வயதில் ஏதாவது கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக நிற்க வேண்டியதுதான்.

அதற்காக அண்ணனிடம் வாய்விட்டுக் கேட்பவரல்லர் தணிகைவேல். வேலை போன மாதம் அண்ணன் துளசிராமன் அனுப்பிய இரண்டு மூட்டை அரிசியை, வந்த ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பியவர் அவர். யாருடைய தயவும் அவருக்கு ஆகாது. அண்ணனுடைய தயவு அறவே ஆகாது.

பெரியவன் பிரிக்க வேண்டும், சின்னவன் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். அதன்படி துளசிராமன் நிலத்துக்கு ஒன்றாக இரண்டு சீட்டு எழுதி, மடித்து, பாயில் வைத்திருந்தார். காற்றில் பறக்காதிருக்க ஒவ்வொன்றின் மேலும் தந்தையாரின் மடக்குக் கத்தி ஒன்று. எந்தக் கத்தியை எடுக்கிறாரோ, அந்தக் கத்தியும் அதன் அடியில் உள்ள நிலமும் தம்பிக்கு.

கை பட்ட கத்தியை மாற்றக் கூடாது என்று நடுவராக வந்திருந்த பரசுராமன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே தணிகைவேல் தொடாமல், குனிந்து பார்த்தார்.

வலப்பக்கம் மூன்று அலகுக் கத்தி. கூர்முனை ஒன்று, மொண்ணை முனை ஒன்று, கிளிமூக்குப் போல் வளைந்தது ஒன்று. மான்கொம்புப் பிடி எண்ணெய் பூசி மின்னியது. இடப்பக்கம் இரண்டு அலகுக் கத்தி; முனைக்கு ஓர் அலகு. அது முழுவதும் துருவேறிக் கிடந்தது.

பரசுராமனுக்கே பொறுக்கவில்லை. "இன்னாப்பா துளசி, ஒண்ணை மட்டும் கல்யாணப் பொண்ணு கணக்கா ஜோடிச்சு வச்சிக்கீறே?"

துளசிராமன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மின்னிய கத்தியைத் தம்பியின் பக்கம் இன்னும் ஓர் அங்குலம் நகர்த்தினார்.

"மூணு அலகுடா வேலு. நைனா கடைசி வரைக்கும் மடியிலே வச்சிக்கினு இருந்தது. இதை எடுத்துக்கோ."

தணிகைவேலுக்கு விளங்கிவிட்டது. தூண்டிலில் புழு வைப்பது மீனுக்கு விருந்து போடவா? மினுக்கிய கத்திக்கு அடியில் இருப்பது ஆற்றோரம்தான்.

ஃபிட்டரின் மூளையும் துருப்பிடித்ததையே எடுக்கச் சொன்னது. மூன்று அலகில் இரண்டுக்கு ஒரே ஸ்பிரிங். நாளடைவில் ஆட்டம் காணும். இரண்டு அலகில் அதனதற்குத் தனித்தனி ஸ்பிரிங், ஆயுளுக்கும் அசையாது. துருவைத் தேய்த்தால் போகிறது.

துருப்பிடித்த கத்தியை எடுத்தார். பரசுராமன் அதன் அடியில் இருந்த சீட்டைப் பிரித்துப் படித்தார்.

சாலையோரம்.

"ண்ணா, பளபளப்பு உனக்கே இருக்கட்டும். மினுக்கிக் காட்டி ஏமாத்தலாம்னு பாத்தே. என்கிட்டே நடக்கலே" என்றார் தணிகைவேல்.

துளசிராமன் தலை குனிந்தபடி மற்றக் கத்தியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். பேராசைக்குச் சரியான அடி என்று பரசுராமன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள், பத்திரப்பதிவு அலுவலகத்தின் வெளியே, அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சின் இரு முனைகளில் அமர்ந்திருந்தார்கள். பத்திரக் கட்டின் நூலை அறுக்கத் தணிகைவேல் தம் கத்தியை எடுத்தார். துரு இறுகிய அலகை நெம்ப வேண்டியிருக்கும் என்று நகத்தை அழுத்திக் கொடுத்தார்.

அலகு வெண்ணெயில் வழுக்குவது போல் திறந்தது.

உள்ளே ஸ்பிரிங்கில் புது எண்ணெய். விளிம்பில் புதிதாகத் தீட்டிய கூர்மை. மேலே இருந்த துருவைக் கட்டைவிரலால் தேய்த்தார். மாவு போல் உதிர்ந்தது. நாட்பட்ட துரு கறுத்து இரும்பைக் குழியாகத் தின்றிருக்கும். இது சிவப்பாக, மேலோட்டமாக இருந்தது. வயது இரண்டு வாரம்கூட இராது.

விரலை நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது.

"ண்ணா." அண்ணன் பக்கம் திரும்பினார். "இதை உப்புத் தண்ணியிலே ஊற வச்சியா?"

துளசிராமன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "துருவை வாயிலே வைக்காதேடா" என்றார்.

"நான் அந்த மூணு அலகை எடுத்திருந்தா?"

"நான் நீட்டினதை நீ என்னிக்குடா எடுத்துக்கினே?"

உள்ளிருந்து எழுத்தர் இருவர் பெயரையும் கூப்பிட்டார். தணிகைவேல் எழவில்லை. திரும்பிப் போன அந்த இரண்டு மூட்டை அரிசி கண்முன் வந்து நின்றது. இந்தக் கத்தியையும் சீட்டையும் அண்ணன் மடியிலேயே போட்டுவிட்டு நடையைக் கட்டிவிடலாம். அதுதான் அவர் வழக்கம்.

கத்தியை மெல்ல மடக்கிச் சட்டைப் பையில் வைத்து, பையின் பொத்தானையும் போட்டார். பிறகு எழுந்து அண்ணனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

அண்ணன் கொடுத்த ஒன்றைத் தணிகைவேல் முதன்முதலாகத் திருப்பி அனுப்பாத அந்த நாள், குரோதி ஆண்டு ஆவணித் திங்கள் பதினான்காம் நாள், அதாவது 2024 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை.