பின்னால் நின்ற காட்டெருமை

"இந்தக் காட்டெருமையை மட்டும் வெட்டி எடுத்துடுங்க தம்பி. நான் அப்படியே இருக்கணும்."

மருதாயி நீட்டிய போட்டோவை வாங்கிப் பார்த்த இளங்குமரன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஸ்டுடியோ வைத்து ஆறு வருஷம் ஆகிறது. கல்யாணம், காதுகுத்து, தேன்நிலவு ஜோடி என்று எத்தனையோ படம் பார்த்தவன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் மருதாயி இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், பத்தடி தள்ளி, தேயிலைச் சரிவை மறைத்துக்கொண்டு ஒரு காட்டெருமை. ஆள் உயரத்துக்கு மேல் திமில், வளைந்த கொம்பு, வெள்ளைச் சாக்ஸ் மாட்டிவிட்டது போல நாலு கால்.

"ஏனுங்கம்மா, இது நிசமாலுமே நின்னுச்சுங்களா? இல்லை, யாராச்சும் ஒட்டி வெச்ச படமுங்களா?"

"ஒட்டுறதா! தினம் சாயங்காலம் வரும். ஃபேக்டரியை மூடி ரெண்டு வருஷமாச்சு. கவாத்து இல்லாம செடியெல்லாம் காடாப் போச்சு. மனுசங்க போனாங்க, இது வந்திருச்சு. சுத்திப் பாக்க வந்த ஒருத்தரு எடுத்துத் தபால்ல அனுப்பினாரு."

"பயமா இல்லீங்களா?"

"சிலோன்லேருந்து கப்பலேறி வந்தவ நான். இதுக்கா பயப்படுவேன்? பன்னெண்டு வீட்டு லைன்ல இப்ப நான் ஒருத்திதான். அதுவும் வரலேன்னாத்தான் பயமா இருக்கும்."

இளங்குமரனுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அவன் தெருநாய் குரைத்தாலே எதிர்ப்பக்கம் தாவுகிற ஆள்.

"அப்புறம் ஏனுங்க அதை எடுக்கோணும்? லட்சத்துல ஒரு படமுங்க. பெருசு பண்ணிச் சுவத்துல மாட்டுங்க."

"மகளுக்கு அனுப்பணும் தம்பி. ரஞ்சனி திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கு. தேயிலை விலை விழுந்ததுல வயசுப் பிள்ளைங்க எல்லாம் அங்கதானே போச்சு? 'நீ எப்படி இருக்கேன்னு பாக்கணும், நம்ம வாசல்ல நிக்கிற படமா அனுப்பு'ன்னு எழுதியிருக்கு. இந்த மாட்டைப் பாத்துச்சுன்னா வேலையைப் போட்டுட்டு அடுத்த பஸ்லயே ஓடியாந்துரும். இங்க வந்து என்னத்தைச் செய்யும்? அங்க ராணி மாதிரி இருக்கு. அதை நான் கெடுக்கலாமா?"

இளங்குமரன் படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் விரித்தான். மருதாயி அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். கொம்பின் நுனியில் தொடங்கிய மவுஸ் திமிலில் ஏறி, வயிற்றுக்கடியில் நுழைந்து, காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. முடிந்ததும் காட்டெருமையின் விளிம்பு முழுக்கப் புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு ஓட ஆரம்பித்தது.

"ஆத்தாடி, எறும்பு ஊருதே!"

"வெட்டுற எல்லைங்க அது. இப்பப் பாருங்க."

ஒரே தட்டு. அவ்வளவு பெரிய மிருகம் நின்ற இடத்தில் வெள்ளையாக ஓர் ஓட்டை. மருதாயி வாயில் கை வைத்துக்கொண்டாள். இளங்குமரன் பக்கத்துத் தேயிலைச் செடிகளை நகல் எடுத்து ஓட்டைக்குள் வரிசை வரிசையாக வைத்தான். சரிவு பச்சையாக மூடிக்கொண்டது.

"நாத்து நட்டுக் கொழுந்து பாக்க எங்களுக்கு நாலு வருஷமாகும். நீங்க நாலு நிமிஷத்துல மலையையே மூடிட்டீங்களே சாமி!"

இளங்குமரனுக்கு உச்சி குளிர்ந்தது. "அவ்வளவுதானுங்க. பிரிண்ட் போட்டறலாமுங்களா?"

மருதாயி கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"மாடு போச்சு தம்பி. அதோட நிழல் அப்படியே கிடக்குதே!"

வாசல் மண்ணில், சாயங்கால வெயிலில் நீண்டு, கொம்போடு கிடந்தது நிழல். இளங்குமரன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நல்ல கண்ணுங்க உங்களுக்கு! எங்க தொழில்ல பாதிப் பேரு கோட்டை விடுறது இங்கதானுங்க. வெட்டினாலும் சரி, வேற இடத்துல ஒட்டினாலும் சரி, நிழலு காட்டிக்குடுத்துரும்."

"முப்பது வருஷம் கொழுந்து பாத்த கண்ணு தம்பி."

நிழலையும் அழித்துவிட்டுப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். வாசலில் மருதாயி மட்டும். பின்னால் சாதுவான பச்சை மலை. அவள் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இனி என் பிள்ளை நிம்மதியா இருக்கும். அப்படியே கவர் மேல விலாசமும் எழுதிக் குடுத்துடுங்க. இதுல இருக்கு."

மகளின் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். பிரித்தபோது உள்ளிருந்து ஒரு போட்டோ மேஜையில் விழுந்தது.

"ரஞ்சனிதான். கம்பெனியில தங்கக் குடுத்த இடமாம். இதை ஒருதரம் பாத்தாத்தான் எனக்குச் சோறே இறங்கும்."

மாடி வைத்த பங்களா. முன்னால் புல்வெளி, ரோஜாத் தொட்டிகள், பளீரென்ற காலை வெயில். நடுவில் சிரித்துக்கொண்டு ரஞ்சனி. படத்தை எடுத்த இளங்குமரனின் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன தம்பி, அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லீங்கம்மா." அவசரமாகப் படத்தைக் கடிதத்துக்குள் வைத்து மடித்தான். "நீங்க சொன்னாப்பல ராணி மாதிரிதான் இருக்காங்க."

அந்தப் படத்தில் பங்களாத் தூணுக்கு நிழல் இருந்தது, ரோஜாத் தொட்டிகளுக்கு நிழல் இருந்தது. ரஞ்சனியின் காலடியில் மட்டும் நிழலே இல்லை.