நேராக வராத தட்டுகள்

“டெய்லரம்மா, ஊசியில ஒரே தடவையில நூல் கோக்கறவங்க நீங்க. ஒரு மண் தட்டை உடைக்க முடியலையா?”

துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கும் கோச் இடுப்பில் கைவைத்து நின்றார். அவள் துப்பாக்கியின் வாயைத் தரைப்பக்கம் தாழ்த்திக்கொண்டு, “ஊசி பறக்காதே சார்” என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை.

“இன்னிக்குப் பரீட்சை. பத்துத் தட்டுல பாதி உடைஞ்சா அடுத்த வாரம் மேட்டு மைதானத்துக்குப் போயிடலாம். அங்க எல்லாம் புது மெஷின். குழிக்குள்ள ஆளே கிடையாது. நீங்க கூப்பிட்டா மைக் கேட்டுட்டு தட்டை விட்டுடும்.”

“உடையலேன்னா?”

“இங்கயே கிடக்க வேண்டியதுதான், என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு.”

இங்கேயே கிடக்கத்தான் அவளுக்கும் ஆசை. அதை வெளியே சொல்ல முடியுமா?

இது ஆரம்பக்காரர்களுக்கான பழைய மைதானம். சுடுகிறவர் நிற்கும் இடத்துக்கு எதிரே, தரைக்குள் பாதி புதைந்த சிமென்ட் அறை ஒன்று. அதைக் குழி என்பார்கள். உள்ளே இருக்கும் ஆள் இயந்திரத்தில் தட்டைப் பொருத்திவைத்துக் காத்திருப்பான். ‘போடு’ என்ற குரல் கேட்டதும் விசையைத் தட்டுவான். உள்ளங்கை அகலத் தட்டு வானத்தில் பாயும். சுடுகிறவரை அவனால் பார்க்க முடியாது. அவர் மைதானத்து வாசலைத் தாண்டிய பிறகுதான் அவன் மேலே ஏறி வரலாம்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், தோளில் பஞ்சு வைத்த சட்டைகள் தைக்க அளவெடுப்பதற்காக இங்கே வந்தவள் அவள். வேலை முடிந்த பிறகும் ஆபீஸ் ஜன்னல் வழியாக மைதானத்தையும், குழியிலிருந்து ஏறி வந்த ஆளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். “என்ன திடீர்னு?” என்று கோச் கேட்டதற்கு, “சும்மாதான்” என்றாள்.

அவள் வீட்டில் ஒரு நாற்காலி, ஒரு டம்ளர். கடைக்கு வருகிறவர்கள் இடுப்பளவும் கையளவும் பேசிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் ஷட்டரை இழுத்துவிட்டால், மறுநாள் தூக்கும்வரை வாய்க்கு வேலை இல்லை. சில நாள் அளவு டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றவே மறந்து தூங்கிப்போவாள். சொல்ல ஆள் இருந்தால்தானே? இங்கேயோ, ஒரு வார்த்தை சொன்னால் எதிரிலிருந்து உடனே ஒன்று கிளம்பி வருகிறது. அந்தப் பதிலுக்காகத்தான் மீதி வாரமெல்லாம் ஓடியது.

“ம், ஆரம்பிங்க. அதென்ன, சளி பிடிச்ச ஆம்பளை மாதிரி கூப்பிடறீங்க? பேசறப்போ குரல் நல்லாத்தானே இருக்கு?”

“துப்பாக்கியைப் பிடிச்சா இப்படித்தான் வருது சார்.”

துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் அணைத்து, கன்னத்தைச் சாய்த்து, அடித்தொண்டையில் “போடு” என்றாள்.

தட்டு எழுந்தது. சுட்டாள். தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது. ஆரம்பத்தில் இப்படித் தவறவிடுவதற்கு அவள் மெனக்கெட வேண்டியிருந்தது. துப்பாக்கி முனையை ஒரு நூலளவு தள்ளிப் பிடிப்பாள். இப்போதெல்லாம் அந்தச் சிரமம் இல்லை. தட்டுகள் தாமாகவே காற்றில் வளைந்து நழுவிப் போயின.

அடுத்தடுத்த தட்டுகளும் அப்படியே போயின. கோச்சின் நெற்றி சுருங்கியது.

“நிறுத்துங்க. துப்பாக்கியைத் திறந்து கீழ வைங்க. இந்த மைதானத்துல தட்டு நேராத்தானே போகணும்? உங்களுக்கு முன்னாடி சுட்டவருக்கு ஸ்கேல் வச்ச மாதிரி போச்சு. உங்களுக்கு மட்டும் ஏன் இந்த ஆட்டம் ஆடுது?”

சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டு அவர் குழிக்குள் இறங்கினார். திறந்து கீழே வைத்த துப்பாக்கியையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நேராக வரும் தட்டை எத்தனை வாரம் தவறவிட முடியும்? வேஷம் கலைந்துவிடும். மேட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கோச் தலையில் அடித்துக்கொண்டே மேலே வந்தார்.

“கேட்டீங்களா கூத்தை? உங்க முறை வந்தா மட்டும் அந்தாளு மெஷினைத் திருகி வைக்கிறானாம். ‘ஏன்யா, அந்தம்மா மேல உனக்கென்ன கடுப்பு?’ன்னு கேட்டேன். ‘அவங்க பாஸாயிட்டா மேட்டுக்குப் போயிடுவாங்களே சார், அங்க அவங்க கூப்பிடறதை மைக்குதானே கேட்கும்’ங்கறான். இதெல்லாம் ஒரு பதிலா?”

அவள் குழியின் இருண்ட திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, கொடியை இறக்கிட்டேன். இனிமே நேராத்தான் வரும். கூப்பிடுங்க.”

அவள் துப்பாக்கியைத் தூக்கவில்லை. குரலை மாற்றிக்கொண்டால் கூடப்பிறந்தவனுக்குத் தெரியாது என்று இத்தனை வாரமும் நினைத்திருந்தவள், அப்பா செத்த வீட்டில் சண்டை போட்டுப் பிரிந்த பிறகு முதல் தடவையாக, தன் சொந்தக் குரலில் தம்பியைக் கூப்பிட்டாள்.

“போடுடா.”