டிக்கிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை

டார்ச்சை என் கையில் கொடுத்து, டிக்கியை மூடி, சாவியையும் திருப்பிவிட்டார் என் கணவர் நோயல்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அல்சூரில் மற்ற பெண்கள் மட்டன் கடை வரிசையில் நின்றிருப்பார்கள். எனக்கு வாய்த்தது இது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. அவர் வெளியே நின்று காரின் பின்விளக்குகள் மேல் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிப்பார். எந்த ரப்பர் ஓரமாகக் கசிகிறது என்று நான் உள்ளே படுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ வனஜா. உனக்குத்தான் கண்ணு ஷார்ப்பு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

எங்கள் கல்யாணத்தைவிட மூத்த கார். மழை பெய்தால் டிக்கியில் மீன் வளர்க்கலாம். அதற்குப் புது ரப்பர், விதவிதமான பசை என்று தேடித் தேடி வாங்கினார். எனக்கு ஒரு குடை வாங்கத் தோன்றவில்லை.

ஸ்டெப்னி முதுகில் குத்தியது. தகரத்தில் தண்ணீர் அடிக்கும் சத்தத்தில் காது அடைத்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

தண்ணீர் நின்றது. கேட் திறக்கும் சத்தம்.

"வாங்க மச்சான்" என்றார் நோயல்.

அவருக்கு மச்சான் ஒருவன்தான். சந்தாபுராவில் இருக்கும் என் அண்ணன் அசோகன். கிறிஸ்தவனைக் கட்டிக்கொண்டதற்காக என்னைத் தலைமுழுகிய குடும்பத்தின் தற்போதைய தலைவர். அப்பா செத்ததற்குக்கூட ஆள் அனுப்பாத உத்தமர். எல்லாம் முடிந்த பிறகு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டால் ரிசீவரை வைத்துவிடுவேன். வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்திவிடுவேன்.

இந்தக் கதவு ஏற்கெனவே சாத்தியிருந்தது. சாவிதான் என்னிடம் இல்லை.

தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். அவன் முன்னால் டிக்கியிலிருந்து இறங்கும் கௌரவத்தை நினைத்துப் பார்த்து, கையைக் கீழே போட்டேன்.

"வனஜா இல்லியா?"

"நீங்க சொல்ல வந்தத சொல்லுங்க மச்சான். அவளுக்குப் போய்ச் சேரும்."

அவன் காரில் சாய்ந்திருக்க வேண்டும். குரல் என் காதருகே கேட்டது.

"அப்பா கடைசில அவளத்தான் கேட்டாரு மாப்ள. 'பாப்பாவ கூட்டினு வா'ன்னாரு. அல்சூர் ஏரி வரைக்கும் வந்துட்டேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கூப்டறதுன்னு அப்டியே திரும்பிட்டேன். அவ வரமாட்டேன்ட்டான்னு அப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

டார்ச் கையிலிருந்து நழுவி எங்கோ உருண்டது.

இந்த முறை இரண்டு கைகளாலும் தட்டினேன். உடனே டிக்கி திறந்தது.

அசோகன் பேயைப் பார்த்தவன் போல நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. அப்பாவின் நரை. நான் இறங்குவதற்கு அவன்தான் கை கொடுத்தான், பிடித்துக்கொண்டேன்.

"உள்ள வா" என்றேன். "அப்பா என்னா சொன்னாரு, எப்டி கேட்டாரு, எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சொல்லு. அப்பறம் உன்ன அடிக்கிறேன்."

தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டு, என் வீட்டுக்குள் முதல் தடவையாக நுழைந்தான்.

நான் படியில் நின்று திரும்பினேன். "டிக்கி லீக்கேஜ் என்னாச்சு?"

"அது போன வாரமே நின்னுபோச்சு" என்றார் நோயல், பைப்பைச் சுருட்டிக்கொண்டே.