முன்சன்னலில் ஒட்டிய தாள்

யூலியானா பெரியம்மாவுக்கு அநியாயம் செய்தது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பி இன்னாசித்தம்பி மாமாதான். லண்டனில் அவவின் வீட்டில் இருந்து, அவவின் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அவவை அந்த நாட்டிலிருந்து அனுப்புவதற்கு வாக்குப் போட்டவர்.

இது எங்கள் குடும்பத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த கதை.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று பிரித்தானியாவில் வாக்கெடுத்த காலம். பெரியப்பா செத்தபிறகு பாரிசிலிருந்து லண்டனுக்குப் போய், பெரியம்மா ஒரு வாடகை வீட்டில் இருந்தா. கூடவே கலியாணம் கட்டாத மாமாவும், அங்கே படிக்கப் போன என் அண்ணன் கிளின்ரனும்.

மாமாவிடம் பிரித்தானியப் பாஸ்போர்ட். பெரியம்மாவிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். அண்ணாவிடம் எங்கள் சிலோன் பாஸ்போர்ட். அந்த வீட்டில் ஆருக்கு வாக்கு என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையோ?

வாக்குப் போடும் நாள் பெரியம்மா வேலை முடிந்து வந்தபோது, முன்சன்னலில் ‘விலகுவோம்’ என்ற தாள் ஒட்டியிருந்ததாம். உள்ளே போய், குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற இரண்டு பேரிடமும் ஆர் ஒட்டினது என்று கேட்டா.

“நான்தான்” என்றாராம் மாமா.

அன்றைக்கே அவரை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டா.

இங்கே ஊர்காவற்றுறை மீன் சந்தையிலும் அந்த வாக்கெடுப்புத்தான் கதை. அவங்கட நாடு, அவங்கட பூட்டு என்றார்கள் சிலர். மீன் ஏலம் கூறும் சில்வெஸ்ரர் அண்ணை விடவில்லை. “பாஸ்போர்ட் இல்லாமல் எங்கட கடலுக்க வந்து கோட்டை பிடிச்சவன், இப்ப ஆக்கள் வரப்படாதாம்.”

எங்கள் வீட்டில் அம்மாவின் சத்தம்தான் பெரிது. தன் தமையனை நினைத்து நினைத்துத் திட்டினா. “தான் கரையேறின உடன வள்ளத்தைக் கவிட்டுப்போட்டான்.” நத்தார்ப் பண்டிகைக்கு அவர் அனுப்பிய பார்சலைப் பிரிக்காமலே கோயிலில் குடுத்துவிட்டா.

பிறகு ஒரு நாள் மகள் ஜொய்சிக்கு ஒப்பரேசன் என்று பாரிசுக்குப் போன பெரியம்மா, கொரோனாவோடு அங்கேயே மாட்டுப்பட்டா. திரும்ப வெளிக்கிட்டபோது, அங்கே இருந்த ஐரோப்பாக்காரர் பதியவேண்டிய தவணையும் முடிந்து லண்டன் கதவு பூட்டிக் கிடந்தது. விட்டுவந்த வேலை, வீடு, சிநேகிதம் எல்லாம் போயிற்று.

நான் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறவள். வாதம் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். போன வருசம் மாமாவைப் போனில் பிடித்து, அகதியாகப் போன நீங்கள் எப்படி மற்றவைக்குக் கதவைப் பூட்டினனீங்கள் என்று கேட்டேன்.

“படிக்கிறீர்தானே பிள்ளை. வடிவாப் படியும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எவ்வளவு திமிர் என்று நினைத்தேன்.

இந்தமுறை ஜொய்சி பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு தலைப்பிள்ளையோடு ஊருக்கு வந்தாள். எங்கே பிறந்தாலும் ஞானஸ்நானம் ஊர்க் கோயிலில் என்பது எங்கள் வழக்கம். ஞானத்தகப்பனாக நிற்பது இன்னாசித்தம்பி மாமா என்று அவளின் கலியாணத்திலேயே பேசி வைத்தது. பெரியம்மா அதை மாற்றிவிட்டா. மாமாவுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. தன் கையால் சாப்பிட்டவன் நிற்கட்டும் என்று கிளின்ரன் அண்ணாவைக் கூப்பிட்டா. அவனும் லண்டனிலிருந்து வந்தான். படிப்பு முடிந்து இப்போது அங்கே வேலை விசாவில் இருக்கிறான்.

கோயிலில் பிள்ளை அண்ணாவின் கையில். பாவத்தை விட்டுவிடுகிறீர்களா என்று பங்குச் சுவாமி கேட்டார். தாயும் தகப்பனும் மறுமொழி சொன்னார்கள். அண்ணாவின் வாய் திறக்கவில்லை.

சுவாமி மைக்கைக் கிட்டக் கொண்டுவந்து திரும்பவும் கேட்டார்.

“பிள்ளையை வாங்குங்கோ சுவாமி. என்னால சொல்ல ஏலாது.”

ஜொய்சி பிள்ளையை வாங்கினாள். அண்ணா பெரியம்மாவின் பக்கம் திரும்பினான்.

“அந்தத் தாளை ஒட்டினது நான், பெரியம்மா. வாக்கும் போட்டனான். கொமன்வெல்த் நாட்டுக்காரன் எண்டு எனக்கும் அங்க வாக்கு இருந்தது. உங்களுக்குத்தான் இல்லை. ஐரோப்பாக்காரர் போனால் எங்கட ஆக்களுக்கு விசா வரும் எண்டு சொன்னாங்கள். அது உங்களையும் அனுப்புற வாக்கு எண்டு நான் யோசிக்கேல்லை.”

“அப்ப தம்பி?”

“மாமா விலக வேண்டாம் எண்டு போட்டவர்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கு முந்தியே தெரியுமோ என்று கேட்டேன். அம்மா முக்காட்டை முன்னுக்கு இழுத்துவிட்டா.

பெரியம்மா கோயில் முற்றத்துக்கு இறங்கிப் போய் மாமாவுக்குப் போன் எடுத்தா. அங்கே இன்னும் விடிந்திராது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார், ஒவ்வொரு நாளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தவர் மாதிரி.

“ஏன்ரா சொல்லேல்லை? இவ்வளவு வருசமும் என்னைத் திட்டவிட்டுப்போட்டு இருந்தனி.”

பின்னால் போய் நின்ற எனக்கும் மாமாவின் குரல் கேட்டது.

“எனக்கெண்டால் போக வேற இடம் இருந்தது, அக்கா. அந்தப் பெடியனுக்கு அங்க உன்ர வீடு மட்டும்தானே.”