கொள்ளி வைக்கும் வரை

உயிருள்ளவை எவை, உயிரற்றவை எவை என்று ஆறாம் வகுப்புக்கு வருடா வருடம் பாடம் நடத்தும் திருஞானம், அம்மாவின் உடலருகே ஈரவேட்டியோடு ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு நின்றார். அம்மா கொடுத்த சிறுநீரகம் அவர் வயிற்றுக்குள் இப்போதும் வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கு உயிர் உண்டு. அப்படியானால் அம்மா செத்துவிட்டாளா என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. வெயில் ஏறி நாக்கு வறண்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்தார். தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொள்ளி வைக்கிற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது மாப்ள. அம்மாவுக்குச் செய்யற மரியாத."

"தண்ணியக் குடிடா, உள்ள அது காஞ்சிடப்போவுது" என்று நேற்றுவரை விரட்டியவளும் அதே அம்மாதான். திருஞானம் வயிற்றின் வலப்பக்கத்தை மெல்லத் தடவினார்.

"எந்த அம்மாவுக்கு மாமா?" என்றார்.